மோட்டார் வண்டியும் பட்டறைக் கணக்கும்

‘கோல்னா படேகா’ என்னும் இரண்டு சொற்களை, டில்லியிலோ மும்பையிலோ சொந்த மோட்டார் வண்டி வைத்திருக்கும் நம்மவர் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் கேட்டே தீர்வர். ‘பிரித்தாக வேண்டும்’ என்பது அவற்றின் பொருள். பெங்களூரு மெக்கானிக் அதனையே ‘பிச்சபேக்கு’ என்பார். அச்சொல் நம் செவிக்கு இன்னும் சற்று அச்சமூட்டுவதாகவே ஒலிக்கும். எம்மொழியில் கேட்பினும் அதனால் மனத்தில் எழும் கலக்கம் ஒன்றே: எவ்வளவு ஆகுமோ? அத்தொகை நியாயந்தானா? ஊரில் இருந்தால் தந்தையார் காலந்தொட்டுப் பழகிய மேஸ்திரி ஒருவர் இருப்பார். அவர் சொல்லுக்கு மறுசொல் இராது. பிற மாநிலத்தில் குடியேறிய நமக்கு அந்த உறவு இல்லை, மொழியோ அரைகுறை. ஆதலின் பட்டறைக் கணக்கு எவ்வாறு உருவாகிறது என்பதை முன்கூட்டியே ஓரளவு அறிந்துவைத்தல் நலம்.

எண்ணெய் மாற்றுதல், வடிகட்டி மாற்றுதல் முதலிய வழக்கமான பராமரிப்பைப் பற்றி இங்கு அதிகம் கூற வேண்டுவதில்லை. அதன் செலவு ஏறக்குறைய முன்னரே தெரிந்ததுதான். நாம் கருதுவது பெரிய வேலைகளை: கிளட்ச் மாற்றுதல், சிலிண்டர் ஹெட்டைக் கழற்றுதல், எஞ்சினை முழுவதும் பிரித்துப் புதுப்பித்தல் ஆகியவற்றை. இவற்றில் பணம் எங்கே செல்கிறது? உறுப்பின் விலையில்தான் என்று பலரும் எண்ணுகின்றனர். பாதிதான் உண்மை. அவ்வுறுப்பு இருக்கும் இடத்தைக் கை சென்று எட்டுவதற்கே பெருங்கூலி ஆகிறது.

கிளட்சையே எடுத்துக்கொள்வோம். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் என்னும் மூன்றும் ஒரு தொகுதி. இவை எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே ஒளிந்திருக்கின்றன. இக்காலத்துச் சிறு வண்டிகளிற் பெரும்பாலானவை முன்சக்கரங்களால் இழுக்கப்படுபவை; ஆதலின் முன்சக்கரங்களுக்குச் செல்லும் இரு தண்டுகளையும் உருவி, கியர் பெட்டியை முழுவதும் கீழே இறக்கினாலன்றிக் கிளட்ச் கண்ணிற் படாது. ரிலீஸ் பேரிங் மட்டுமே கூச்சலிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு சிறு உறுப்பை மாற்றுவதற்கும், மூன்றையும் மாற்றுவதற்கும் கூலி ஒன்றே. ஆகவே ‘மூன்றையும் மாற்றிவிடலாம்’ என்று பட்டறைக்காரர் கூறினால், அது பெரும்பாலும் பேராசையன்று. இரண்டாம் முறை இறக்கும் கூலியை மிச்சப்படுத்தும் யோசனையே. எஞ்சினின் பின்புறத்து ஆயில் சீலும் அவ்வேளையில் கண்ணுக்கு எதிரே வந்துவிடும். அதன் விலை அற்பம். கசிவின் அறிகுறி சிறிதேனும் தென்பட்டால் அப்போதே மாற்றிவிடுதல் தகும். வெளிப்புற உறுப்பு ஒன்றுக்கு இதே வாதத்தைக் கூறினால் மட்டும் நாம் சற்று நிதானிக்கவேண்டும்.

கூலியை எவ்வாறு கணக்கிடுகின்றனர் என்பதும் அறியத்தக்கது. வண்டி உற்பத்தியாளர்கள் ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி நேரம் என்று வரையறுத்துத் தம் அங்கீகாரம் பெற்ற நிலையங்களுக்கு வழங்குகின்றனர். அம்மணிக் கணக்கை அந்நிலையத்தின் மணிக்கூலியாற் பெருக்கினால் வருவதே பில்லில் காணும் தொகை. தொழிலாளி அரைநாளில் முடித்தாலும் ஒரு முழு நாள் எடுத்துக்கொண்டாலும் அத்தொகை மாறாது. மணிக்கூலியோ நகரத்துக்கு நகரம் வேறுபடும். மும்பையின் இடவாடகையும் சம்பளமும் கோயம்புத்தூரில் இல்லை. அதே கிளட்சுக்குத் தம்பி ஊரில் குறைவாகக் கொடுத்தாரே என்று நாம் இங்கே வருந்துவதற்கு இதுவே காரணம். உறுப்பின் விலை எங்கும் ஒன்று. கைகளின் விலைதான் வேறு. கூலியிற் கடும் பேரம் பேசுவதை நாம் ஆதரிப்பதில்லை. அங்கே குறைத்த தொகையை உறுப்பின் தரத்தில் ஈடுகட்டிக்கொள்ளும் சபலம் சிலருக்கு உண்டாகும்.

எஞ்சினைப் பொறுத்தவரை, பெருஞ்செலவுகளிற் பல சிறு அலட்சியத்திலிருந்தே பிறக்கின்றன. ரேடியேட்டரிலிருந்து செல்லும் ரப்பர்க் குழாய் ஒன்றில் மெல்லிய வெடிப்பு. குளிர்நீர் சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. வெப்பத்தைக் காட்டும் முள் மேலே ஏறுகிறது. வீடு இன்னும் நான்கு மைல்தானே என்று வண்டியை ஓட்டிவிடுகிறோம். இக்காலத்துச் சிலிண்டர் ஹெட்டுகள் அலுமினியத்தால் ஆனவை. மிகுந்த வெப்பத்தில் அவை வளைந்துவிடும். வளைந்தால் ஹெட் கேஸ்கெட் தன் பிடியை இழக்கும். குளிர்நீர் எண்ணெயிற் கலக்கும். எண்ணெய் பால் கலந்த காப்பியின் நிறம் கொள்ளும். பிறகு ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்கு அனுப்பி, முகத்தைச் சமன்செய்து, புதிய கேஸ்கெட்டும் போல்ட்டுகளும் இட்டு மூடவேண்டும். சில நூறு ரூபாயில் தீரவேண்டிய குழாய், பல ஆயிரங்களாகப் பெருகுவது இவ்வாறுதான். முள் சிவப்பைத் தொட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இழுத்துச் செல்லும் வண்டிக்குக் கொடுக்கும் கூலி ஒருநாளும் வீணாவதில்லை.

டைமிங் பெல்ட்டும் இவ்வகைப்பட்டதே. வால்வுகளின் இயக்கத்தையும் பிஸ்டன்களின் இயக்கத்தையும் இசைவிக்கும் ரப்பர்ப் பட்டை அது. எல்லா வண்டிகளிலும் அஃது இராது. பலவற்றில் அதற்குப் பதில் இரும்புச் சங்கிலி உண்டு. நம் வண்டியில் உள்ளது எது என்பதை வண்டியுடன் வந்த கையேடு கூறும். பட்டையாயின் அதனை மாற்றவேண்டிய கிலோமீட்டரும் ஆண்டும் அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். பல எஞ்சின்களில் இப்பட்டை ஓட்டத்தின் நடுவே அறுந்தால், பிஸ்டன்கள் மேலெழுந்து திறந்துநிற்கும் வால்வுகளை மோதி வளைத்துவிடும். பட்டை கெடுமுன் அறிவிப்புத் தருவதில்லை. பழைய வண்டியை வாங்கியோர், முன்னவர் மாற்றியதற்குச் சீட்டு இல்லையெனில் மாற்றவில்லை என்றே கொள்வது உத்தமம்.

முழு ஓவர்ஹால் என்பது வேறு. சிலிண்டர்கள் தேய்ந்து, எண்ணெய் எரிந்து, நீலப் புகை எழும் நிலையில் செய்யப்படுவது. சிலிண்டரைச் சிறிது அகலமாகக் கடைந்து, கால் மில்லிமீட்டரோ அரை மில்லிமீட்டரோ பருத்த பிஸ்டன்களை இடுவர். கிராங்க் தண்டையும் கடைந்து புதிய பேரிங்குகள் அமைப்பர். இவ்வேலை பெரும்பாலும் லேத் பட்டறையின் கையில் இருக்கிறது. நாம் வண்டியை விட்ட பட்டறை அதனை வெளியே அனுப்பித்தான் செய்விக்கும். கடைந்த அளவு எவ்வளவு என்பதை எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதைக் கேட்கும் வாடிக்கையாளரிடம் பட்டறைக்காரருக்கும் ஒரு மரியாதை தோன்றுகிறது.

மழைநீரைப் பற்றி ஒரு வார்த்தை. 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. வண்டிகள் கணக்கின்றி மூழ்கின. நீர் காற்றைப் போல் அழுந்தாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கையில் சாவியைத் திருகினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண இன்ஷூரன்ஸ் பத்திரம் தேய்மானத்தையும் யந்திரக் கோளாற்றையும் ஏற்பதில்லை. நீரில் நின்ற வண்டியைக் கிளப்பப் போய் எஞ்சின் உடைந்தால், அதுவும் தொடர்விளைவு என்று தள்ளப்படலாம். எஞ்சின் பாதுகாப்பு என்று தனியே பிரீமியம் செலுத்திப் பெறும் சேர்ப்பு ஒன்று உண்டு. கடலோர நகரங்களில் வசிப்போருக்கு அது தேவை. ஆயினும் அச்சேர்ப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், மூழ்கிய வண்டியின் சாவியைத் தொடாமல் இருப்பதே முதற் காரியம்.

இனிக் கணக்குச் சீட்டுக்கு வருவோம். இங்கேதான் நம்மவர் அறியாமல் இழக்கின்றனர். பெட்டியில் அடைத்து விற்கும் உறுப்பின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் அதிகபட்ச விலை, எல்லா வரிகளும் உள்ளடங்கியது. அதன் மேல் மறுபடி சரக்கு-சேவை வரி சேர்த்தல் தகாது. கிளட்ச் தொகுதியின் பெட்டிமேல் 7,080 ரூபாய் என்றிருப்பதாகக் கொள்வோம். அஃது 6,000 ரூபாய் அடக்க மதிப்பும், அதன்மேல் நூற்றுக்கு 18 வீதம் 1,080 ரூபாய் வரியும் சேர்ந்தது. கூலி 4,000 ரூபாயாயின் அதற்கு வரி 720. ஆக மொத்தம் 11,800 ரூபாய். சிலர் 7,080-ஐயே அடக்க மதிப்பாகக் காட்டி, அதன்மேல் 18 வீதம் சேர்த்து எழுதுவர். அப்போது 1,274 ரூபாய் 40 காசு கூடுதலாக நம் கையைவிட்டுப் போய்விடும். பெட்டியைக் கேட்டு வாங்கி, அச்சிட்ட விலையைப் பில்லோடு ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

2025 செப்டம்பர் 22-ஆம் நாளுக்கு முன்னர் பெரும்பாலான கார் உறுப்புகளுக்கு வரி 28 வீதமாக இருந்தது. அன்று முதல் எல்லா வாகன உறுப்புகளுக்கும் ஒரே சீராக 18 வீதம் ஆக்கப்பட்டது. பழக்கத்தால் 28 என்றே எழுதும் சீட்டு எதனையும் ஏற்கவேண்டியதில்லை. மேலும், வரிப் பதிவு பெறாத சிறு பட்டறை வரி வசூலிக்க உரிமையற்றது. வரி என்று ஒரு வரி எழுதினால், பதினைந்து எழுத்துகளும் எண்களும் கொண்ட அவர்களது பதிவெண்ணும் அச்சீட்டில் இருந்தாக வேண்டும்.

அங்கீகாரம் பெற்ற நிலையத்துக்குப் போவதா, தெருமுனைப் பட்டறைக்குப் போவதா என்று நம்மைக் கேட்போர் பலர். உத்தரவாதக் காலம் முடியும்வரை முன்னதுவே சௌகரியம். அதன்பின் நல்ல தனிப் பட்டறை கிடைத்தால் செலவு குறையும். ஆயினும் நெடுங்காலம் தனிப் பட்டறைகளுக்கு அசல் உறுப்புகளும், கோளாற்றைக் கண்டறியும் கருவிகளும் எளிதிற் கிடைக்கவில்லை. இதனை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் உற்பத்தி நிறுவனங்களின்மேல் 2,544 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட அபராதம் விதித்தது. உறுப்புகளை வெளிச்சந்தையிற் கிடைக்கச் செய்யவேண்டும் என்றும், வெளிப் பட்டறையிற் பழுதுபார்த்த ஒரே காரணத்துக்காக உத்தரவாதம் முழுவதும் போய்விடும் என்று பொதுநிபந்தனை இடலாகாது என்றும் கட்டளையிட்டது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன என்றாலும், அவ்விசாரணைக்குப் பின் ‘வெளியே தொட்டால் உத்தரவாதம் போச்சு’ என்னும் அதட்டலுக்கு நாம் உடனே அடங்கிவிட வேண்டியதில்லை.

உறுப்பை நாமே வாங்கிக் கொடுக்க விரும்புவோருக்கு டில்லியில் காஷ்மீரி கேட், கொல்கத்தாவில் மல்லிக் பஜார், பெங்களூரில் ஜே.சி. சாலை ஆகிய கடைத்தெருக்கள் உள்ளன. சென்னைப் புதுப்பேட்டையை அறிந்தோருக்கு இவ்விடங்கள் அந்நியமாகத் தோன்றா. அசலும் போலியும் ஒரே தட்டில் அடுக்கப்பட்டிருக்கும் இடங்கள் இவை என்பதையும் மறக்கலாகாது. நாம் கொடுத்த உறுப்பு கெட்டால் பட்டறைக்காரர் பொறுப்பேற்க மாட்டார் என்பது இன்னொன்று. கதவுக் கைப்பிடிக்கும் விளக்குக் கண்ணாடிக்கும் பழைய உறுப்பு போதும். பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் ஒருபோதும் வேண்டா.

பணமுடை நேர்ந்து எதை முதலிற் செய்வது என்று தயங்குங்கால், பிரேக், ஸ்டீயரிங், டயர், முன்சக்கரத்தின் பால் ஜாயிண்ட் ஆகியவற்றுக்கே முதலிடம். எஞ்சின் கெட்டால் வண்டி நின்றுவிடும். பிரேக் கெட்டால் வண்டி நில்லாது. எண்ணெய் சிறிது குடிக்கும் எஞ்சின், அளவு பார்த்து ஊற்றிவந்தால், ஆறு மாதம் பொறுக்கும். ‘எஞ்சின் கழுவுதல்’, ‘உட்பூச்சு’, ‘ஏ.சி. நறுமணச் சுத்தி’ என்று சீட்டின் அடியில் வந்து அமரும் சில்லறை வரிகளை அடித்துவிடுங்கள். வண்டிக்கு ஒன்றும் நேராது.

மொழி தடுமாறும் இடத்தில் காகிதம் பேசும். வண்டியை விடுமுன் ஜாப் கார்டில் கிலோமீட்டர், பெட்ரோல் அளவு, நாம் கூறிய குறை ஆகியவை எழுதப்பட்டிருத்தல் வேண்டும். குறையைக் கூறுகையில் ‘கிளட்ச் மாற்றுங்கள்’ என்று தீர்ப்பைக் கூறாமல், ‘மூன்றாம் கியரில் எஞ்சின் இரைகிறது, வேகம் ஏறவில்லை’ என்று அறிகுறியைக் கூறுவதே முறை. பிரிப்பதற்கு முன் ஒரு மதிப்பீடும், பிரித்துப் பார்த்தபின் இரண்டாம் மதிப்பீடும் கேளுங்கள். பிரித்த பின்னரே தெரியும் குறைகள் உண்மையிலேயே உண்டு. இரண்டாவதற்கு நாம் சம்மதம் அளிக்குமுன் வேலை தொடரலாகாது என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘குல் மிலாக்கே கித்னா?’ என்று மொத்தத்தைக் கேட்கவும், ‘புரானா பார்ட் வாபஸ் தீஜியே’ என்று பழைய உறுப்பைத் திரும்பக் கேட்கவும் தெரிந்திருந்தால் இந்தி பேசும் நகரங்களிற் பாதிக் காரியம் முடிந்தது. பழைய உறுப்பு வெறும் குப்பையன்று. புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டரினுள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் விலையுயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன. அதை மாற்றியதாகக் கூறிப் பழையதைக் காட்டாத இடத்திற் கேள்வி கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

வழக்கு என்று வந்துவிட்டால் அயலூரார் என்பதற்காக அஞ்ச வேண்டா. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலும் முறையிடலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பட்டறை எவ்வூரில் இருப்பினும், நாம் வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் அளிக்கலாம். விடுமுறையில் ஊருக்குச் சென்ற வழியில் நாகபுரியிற் செய்த வேலைக்கு மும்பையிலிருந்தே வழக்காடலாம் என்பது இதன் பயன். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரையாயின் கட்டணம் இல்லை. இரண்டாண்டுக்குள் தொடுக்கவேண்டும். சீட்டு இல்லாதவர் மட்டும் எங்கும் செல்ல இயலாது.

இறுதியாக, மாற்றல் உத்தியோகத்தில் உள்ளவர்களுக்கே உரிய ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு மாநிலத்திற் பதிந்த வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அங்கே புதிய பதிவெண் பெறவேண்டும். சாலை வரியும் அங்கே செலுத்தவேண்டும். ஓவர்ஹாலுக்கு ஆகும் தொகையோடு இதனையும் கூட்டிப் பார்த்த பின்னரே வண்டி அச்செலவுக்குத் தகுமா என்று முடிவு செய்யலாம். டில்லித் தலைநகர்ப் பகுதியில் வசிப்போருக்கு வண்டியின் வயதும் குறுக்கே நிற்கிறது. 10 ஆண்டு கடந்த டீசல் வண்டியும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டியும் அங்கே ஓடலாகாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2025 ஆகஸ்டில் அவற்றின்மேல் நடவடிக்கை வேண்டா என்று இடைக்காலமாக நிறுத்திவைத்து, அவ்வாண்டு டிசம்பரில், பாரத் 4-ஆம் நிலைக்குக் கீழ்ப்பட்ட வண்டிகளுக்கு அந்தச் சலுகை இல்லை என்று திருத்தியது. பதிமூன்றாண்டு ஓடிய டீசல் வண்டிக்கு எண்பதாயிரம் செலவிடுமுன், அதன் பதிவுச் சான்றில் எந்த நிலை குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

சிலர் கடைந்து புதுப்பிப்பதற்குப் பதிலாக, மாயாபுரியிலோ குர்லாவிலோ பழைய எஞ்சின் ஒன்றை வாங்கி முழுவதும் மாற்றிவிடுகின்றனர். செலவு குறைவுதான், வேலையும் இரண்டு நாளில் முடியும். ஆனால் எஞ்சினின் எண் மாறிவிடுகிறது. அம்மாற்றத்தைப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதியோடு பதிவுச் சான்றில் ஏற்றாமல் விட்டால், விபத்தின்போது இன்ஷூரன்ஸார் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். வேறு மாநிலத்திற் பதிவுக்குக் கொண்டுசெல்லுங்கால் அதிகாரி விளக்கடித்துப் படிப்பதும் அதையேதான். ஆதலின் அத்தகைய எஞ்சினை வாங்குவோர், விற்பவரிடம் அது எந்த வண்டியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதற்கான சீட்டைப் பெற்றுக்கொண்ட பின்னரே பணத்தை எண்ணிக் கொடுக்கவேண்டும்.